பழைய இழுவைக் கொக்கியைப் பிக்கப்பில் மாட்டுவது எப்படி?

பழைய பிக்கப் வாங்குகிறவர்கள் இன்ஜினைக் கேட்பார்கள், டயரைத் தட்டிப் பார்ப்பார்கள், ஆர்.சி.யை நாலு முறை புரட்டுவார்கள். முன் பம்பருக்குக் கீழே குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. பல வண்டிகளில் அங்கே கொக்கி இருக்காது. கொக்கி இருந்த இடத்தில் துரு ஏறிய இரண்டு ஓட்டைதான் இருக்கும். களத்து மேட்டிலோ, செங்கல் சூளைப் பாதையிலோ சக்கரம் புதைந்து, இழுக்க டிராக்டர் வந்து நிற்கும்போதுதான் "கயிற்றை எங்கே கட்டுவது?" என்ற கேள்வி வரும். அப்போது பம்பரில் கட்டினால் பம்பர் கையோடு வரும். ஸ்டீயரிங் ராடிலோ ஆக்ஸிலிலோ கட்டினால் செலவு ஆயிரங்களில் நிற்காது.

காயலான் கடையில் பழைய கொக்கி வாங்கி மாட்டுவது மலிவான, நல்ல வழி. ஆனால் ஆளாளுக்கு ஒன்று சொல்லிக் குழப்புவார்கள். எனக்கும் அந்த அலைச்சல் இருந்தது. கொக்கி எவ்வளவு கனம் என்று பார்ப்பதைவிட, அது சேஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) எந்த இடத்தில், எந்த போல்ட்டில் நிற்கிறது என்று பார்ப்பதுதான் முக்கியம். சேஸ் தனியாக, பாடி தனியாக உள்ள பொலேரோ, யோதா, டி-மேக்ஸ் போன்ற பிக்கப்புகளுக்கு மட்டுமே இது பொருந்தும். சின்ன யானை ரகத்தில் இதை அப்படியே செய்யாதீர்கள்.

1. வாங்கப் போகும் முன் வண்டிக்கு அடியில் படுங்கள்

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு டார்ச், ஒரு கம்பி பிரஷ், ஒரு ஸ்கேல், செல்போன் போதும்.

சேஸின் இரண்டு நீளச் சட்டங்களும் முன்னால் எங்கே முடிகின்றன என்று பாருங்கள். பம்பரின் தாங்கி அந்த முனையில்தான் போல்ட் ஆகியிருக்கும். அதன் அருகே பயன்படுத்தாத ஓட்டைகள் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், கம்பெனி கொக்கிக்கு விட்ட இடமாக இருக்கலாம். ஓட்டையின் விட்டம், இரண்டு ஓட்டைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம், சட்டத்தின் உயரம், தகட்டின் கனம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கேலை வைத்தபடியே படம் எடுங்கள். காலண்டர் அட்டையை ஓட்டையின் மேல் அழுத்தி அச்சு எடுத்து வெட்டிக்கொண்டால் இன்னும் நல்லது. கடைக்காரர் "இது எல்லாத்துக்கும் செட்டாகும் சார்" என்று சொல்லும்போது அட்டையை வைத்துக் காட்டினால் பேச்சு அதோடு முடியும்.

சட்டம் திறந்த 'ப' வடிவமா, நாலு பக்கமும் மூடிய பெட்டியா என்பதையும் பாருங்கள். மாட்டும் முறை இதனால் மாறும். பின்னால் விளக்குகிறேன்.

சேஸ் நம்பர் எங்கே குத்தியிருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்துச் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். முன்பக்கச் சட்டத்திலேயே இருக்கலாம். எஃப்.சி.க்கும் (வண்டியின் தகுதிச் சான்று) பெயர் மாற்றத்துக்கும் பென்சில் பிரிண்ட் எடுக்கிற இடம் அது. அதன் பக்கத்தில் துளையோ, கிரைண்டரோ, பெயிண்டோ போகவே கூடாது. ஒரு எழுத்து அழிந்தாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நீங்கள் பதில் சொல்லி மாளாது.

கடைசியாகத் துரு. ஸ்குரூ டிரைவரின் முனையால் சட்டத்தை அங்கங்கே குத்துங்கள். டங் என்று கேட்டால் சரி. பொத் என்று உள்ளே இறங்கினாலோ, அப்பளம் போலப் பெயர்ந்து வந்தாலோ கொக்கி வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு சேஸ் வேலைக்குப் பட்டறையைப் பாருங்கள்.

ஸ்பேர் கடைக்கு ஒரு போன் போட்டு உங்கள் மாடலுக்குக் கம்பெனிக் கொக்கி கிடைக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். சில மாடல்களுக்குப் புதிதே பெரிய விலை இருக்காது. அப்படிக் கிடைத்தால் பழையதைத் தேடி அலையவே வேண்டாம்.

2. காகித வேலை

கொக்கி மாட்ட ஆர்.டி.ஓ.வில் தனி அனுமதி வாங்க வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. பம்பருக்குள் அடங்கும் ஒரு சின்னக் கொக்கி நீளத்தையோ, இருக்கையையோ, பாடி வகையையோ மாற்றாது. ஆனால் கொக்கி மாட்டுகிற சாக்கில் பட்டறைக்காரர் "அப்படியே ஒரு பம்பர் கார்டு போட்டுரலாம்ணே" என்பார். அதற்குத் தலையாட்டாதீர்கள். முன்பக்க இரும்புக் கார்டுகள் இந்த 52-வது பிரிவை மீறுகின்றன, அபராதம் போடுங்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கொக்கியும் பம்பரைத் தாண்டி மூக்கை நீட்டக் கூடாது. நம்பர் பிளேட்டையோ விளக்கையோ மறைக்கவும் கூடாது. பைக் ஓட்டுகிறவரின் முழங்காலுக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு ஒரு நாள் உங்கள் மேல் கேஸாக வரும்.

டிரெய்லர் இழுப்பது வேறு விஷயம். டிரெய்லருக்குத் தனிப் பதிவு உண்டு. இந்தக் கொக்கி, புதைந்த அல்லது பழுதான வண்டியை மீட்பதற்கு மட்டும்தான்.

கடையில் பில் கேளுங்கள். கழட்டின சாமானுக்குப் பில்லா என்று சிரிப்பார்கள், பரவாயில்லை. ஜி.எஸ்.டி. எண் உள்ள கடையாக இருந்தால் முறையான பில்லே தருவார்கள். இல்லாவிட்டால் கடையின் பெயர் அச்சடித்த தாளில் தேதி, சாமான், தொகை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பணத்தை யு.பி.ஐ.யில் அனுப்பினால் அதுவும் ஒரு தடயம். திருட்டுச் சாமான் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவில் குற்றம். சேஸிலிருந்து கேஸ் கட்டர் வைத்து அறுத்தெடுத்த துண்டோடு கொக்கியைத் தந்தால், அதில் எண் ஏதாவது குத்தியிருந்தால், கையில்கூட எடுக்காதீர்கள்.

வண்டி வாரண்டியில் இருந்தால் சர்வீஸ் சென்டரில் கேட்காமல் துளை போட வேண்டாம். இன்சூரன்ஸ் ஏஜென்ட்டிடமும் ஒரு வாட்ஸ்அப் செய்தியாகச் சொல்லி வையுங்கள். பின்னால் சர்வேயர் "இது என்ன?" என்று கேட்டால் காட்டுவதற்கு ஒன்று இருக்கும்.

3. எங்கே, எப்போது, என்ன விலைக்கு

சென்னையில் என்றால் எழும்பூரை ஒட்டிய புதுப்பேட்டை. கோவைக்காரர்களுக்கு உக்கடம். காலையில் போங்கள். வெளிச்சம் இருக்கும்போதுதான் விரிசல் தெரியும், கடைக்காரருக்கும் தேடி எடுக்கப் பொறுமை இருக்கும். வண்டியிலேயே போனால் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். எழும்பூரில் இறங்கி நடந்துவிடலாம்.

"டோ ஹூக்" என்று கேட்டால் முதலில் கையில் தருவது பெரும்பாலும் கம்பியை வளைத்துச் செய்த மெல்லிய வளையமாக இருக்கும். அது வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுபோகும்போது ஆடாமல் கட்டுவதற்காக வைப்பது. புதைந்த வண்டியை இழுக்கிற பாரத்தை அது தாங்காது. அடுத்து, கார்களுக்கு வரும் திருகிப் போடும் கொக்கி. அதுவும் நமக்கு ஆகாது. நாம் தேடுவது இரண்டு போல்ட்டாவது பிடிக்கும், தடித்த அடிப்பாகமுள்ள, ஒரே துண்டாக அடித்துச் செய்த கொக்கி. பழைய ஜீப்புகளிலும் மிலிட்டரி டிஸ்போசலில் (ராணுவம் கழித்துவிட்டதில்) வந்த வண்டிகளிலும் கழட்டியவை இந்த ரகம்.

நான் விசாரித்தபோது ஒரு கொக்கி 300 ரூபாயிலிருந்து 800 ரூபாய் வரை சொன்னார்கள். டிஸ்போசல் சாமான் என்றால் இன்னும் கூட. முதலில் சொல்லும் விலையில் பாதியிலிருந்து பேச்சைத் தொடங்குவதில் தப்பில்லை. "லேலண்ட் மாலுண்ணே, யானையைக் கட்டி இழுக்கலாம்" என்பதற்கெல்லாம் காசு கூட்டித் தர வேண்டாம். லாரிக் கொக்கி உங்கள் பிக்கப் சட்டத்தில் உட்காரவே உட்காராது.

4. வாங்கும் முன் சோதிப்பது

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள்.

முதலில் வடிவம். கொக்கியின் வாய் விரிந்திருந்தால் அது ஏற்கெனவே தன் சக்திக்கு மேல் இழுத்துவிட்டது என்று அர்த்தம். சூடு காட்டி அடித்து நேராக்கித் தருகிறேன் என்பார்கள். சூடு பட்டால் இரும்பின் பதம் போய்விடும். வேண்டாம்.

அடுத்து, வார்ப்பா அடித்ததா என்பது. கயிற்றில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். ஸ்டீல் என்றால் மணி போல நீண்டு ஒலிக்கும். வார்ப்பிரும்பு டொக் என்று அடங்கும். அடித்துச் செய்ததில் பக்கவாட்டில் ஒரு அகலமான தழும்பு ஓடும், அச்சிலிருந்து பிதுங்கியதை வெட்டிய இடம் அது. வார்ப்பில் மெல்லிய கோடு மட்டும் இருக்கும். கடையில் கிரைண்டர் இருந்தால் ஓரத்தில் லேசாக வைக்கச் சொல்லுங்கள். ஸ்டீலின் பொறி நீளமாக, பளிச்சென்று பறக்கும். வார்ப்பிரும்பின் பொறி குட்டையாக, செக்கச் செவேலென்று உடனே அணையும். காந்தத்தை ஒட்டிப் பார்த்து ஒரு பயனும் இல்லை, இரண்டிலும் ஒட்டும்.

விரிசலுக்குப் பழைய பட்டறை வழி ஒன்று உண்டு. கொக்கியைக் கம்பி பிரஷ் போட்டுப் பெயிண்ட், துரு எல்லாம் போகத் தேய்க்க வேண்டும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, எடுத்து, துணியால் நன்றாகத் துடைத்து உலரவிட வேண்டும். பிறகு சாக்பீஸ் பொடியை மேலே பூச வேண்டும். சிறிது நேரத்தில், விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த எண்ணெய் கசிந்து வெள்ளைப் பொடியில் முடியளவு கறுப்புக் கோடாகத் தெரியும். கொக்கி வளையும் உள்பக்க மூலையிலும், போல்ட் ஓட்டைகளின் ஓரத்திலும் கூர்ந்து பாருங்கள். விரிசல் விடுகிற இடங்கள் அவைதான். கடையில் வைத்து இதைச் செய்ய விட மாட்டார்கள். அதனால் "விரிசல் இருந்தா நாளைக்குத் திருப்பித் தருவேன்ணே" என்று பேசி, அதைப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புதுப் பெயிண்ட் பளபளக்கும் கொக்கியை எடுக்காதீர்கள். பெயிண்டுக்கு அடியில் வெல்டிங் ஒட்டு இருக்கலாம்.

5. போல்ட்டில் கஞ்சத்தனம் கூடாது

கொக்கியோடு வந்த பழைய போல்ட்டைக் குப்பையில் போடுங்கள். நல்லதாகத் தெரிந்தாலும்தான்.

கணக்கைப் பாருங்கள். சாதாரண மைல்டு ஸ்டீல் 12 எம்.எம். போல்ட் குறுக்குவாட்டில் ஏறத்தாழ 2 டன்னில் அறுந்துவிடும். அதே 12 எம்.எம்., தலையில் 8.8 என்று பலத்தின் தர எண் குத்தியது ஏறத்தாழ 4 டன் வரை நிற்கும். 10.9 என்றால் 5 டன் பக்கம். சரக்கேற்றிய பிக்கப் 3 டன்னைச் சாதாரணமாகத் தொடும். ஆக்ஸில் வரை சேற்றில் புதைந்த வண்டியை இழுக்க அதன் முழு எடைக்குச் சமமான விசைகூடத் தேவைப்படலாம். வெடுக்கென்று இழுத்தால் அது இன்னும் சில மடங்கு. அப்போது இரண்டு மைல்டு ஸ்டீல் போல்ட் என்ன பாடுபடும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எனவே தலையில் 8.8 அல்லது 10.9 எண்ணும் கம்பெனிப் பெயரும் குத்திய போல்ட். டி.வி.எஸ்., அன்பிராகோ எல்லாம் எல்லா ஊரிலும் கிடைக்கும். சென்னையில் பாரிமுனை செம்புதாஸ் தெருப் பக்கம் எந்த நீளமும் கிடைக்கும். "ஹெச்.டி. போல்ட்" (ஹை டென்சைல், பலம் கூடிய ரகம்) என்று கேளுங்கள். தலையில் எண் இல்லாவிட்டால் கடைக்காரர் சத்தியம் செய்தாலும் அது மைல்டு ஸ்டீல்தான். நட்டும் அதற்கேற்ற தரம் வேண்டும், 8.8 போல்ட்டுக்கு 8, 10.9 போல்ட்டுக்கு 10 என்று நட்டில் குத்தியிருக்கும். நைலாக் நட் (தளராமல் இருக்க உள்ளே நைலான் வளையம் உள்ளது), கனமான வாஷர் வாங்குங்கள். மரை இல்லாத வழுக்கைப் பகுதி சேஸ் தகட்டில் உட்காரும் அளவுக்கு நீளம் இருந்தால் நல்லது. மரைப் பகுதியில் வெட்டு விசை விழுந்தால் பலம் குறையும்.

6. மாட்டுவது

முதல் நாள் மாலையே பம்பர் போல்ட்டுகளில் துரு விடும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். காலையில் கழட்டும்போது தலை உருளாமல் வரும். ஹாரன் வயர், பனி விளக்கு வயர் போகும் இடத்தைப் படம் எடுத்துவிட்டுப் பம்பரை இறக்குங்கள். ஏர்பேக் உள்ள மாடலில் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழட்டி வையுங்கள். முன்பக்க சென்சார் எதையும் இடம் மாற்றாதீர்கள், தட்டாதீர்கள்.

பழைய ஓட்டை பொருந்தினால் வேலை பாதியாகக் குறையும். பொருந்தாவிட்டால் கொக்கியின் ஓட்டையைப் பெரிதாக்க வேண்டாம். நடுவில் 8 அல்லது 10 எம்.எம். தகடு ஒன்றை லேத்தில் கொடுத்து, ஒரு பக்கம் சேஸ் ஓட்டைக்கும் மறுபக்கம் கொக்கி ஓட்டைக்கும் பொருந்தும்படி துளைத்து வாங்கிக்கொள்ளலாம்.

புதுத் துளை போட்டே ஆக வேண்டும் என்றால், சட்டத்தின் செங்குத்தான பக்கவாட்டில் மட்டும். மேல் மடிப்பிலும் கீழ் மடிப்பிலும் துளை போடக் கூடாது. சேஸின் பாரத்தில் பெரும்பகுதியை அந்த மடிப்புகள்தான் தாங்குகின்றன. மடிப்பு வளைவிலிருந்தும் பழைய ஓட்டைகளிலிருந்தும் தள்ளியே இருக்கட்டும். சட்டத்துக்கு அந்தப்பக்கம் பிரேக் பைப், டீசல் பைப், வயரிங் போகிறதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். முதலில் 5 எம்.எம். பிட், பிறகு 8, கடைசியில் 13. எண்ணெய் விட்டு, மெதுவாக. கேஸ் வைத்து ஓட்டை போடுகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். துளையின் ஓரத்தை அரத்தால் மழுக்கி, பச்சை இரும்பு தெரியும் இடத்தில் ரெட் ஆக்சைடு பூசிக் காயவிட்ட பிறகுதான் போல்ட்.

'ப' சட்டம் என்றால் உள்பக்கம் ஒரு தடித்த தகடு வைத்து, அதன்மேல் வாஷர், நட். பெட்டிச் சட்டம் என்றால் உள்ளே குழாய்த் துண்டு ஒன்றை நிறுத்தி, போல்ட் அதனூடே போக வேண்டும். குழாய் இல்லாமல் முடுக்கினால் பெட்டி நசுங்கும். நசுங்கிய பெட்டியில் போல்ட் எவ்வளவு முடுக்கினாலும் சீக்கிரமே தளரும்.

முடுக்குவதற்கு டார்க் ரெஞ்ச் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இருந்தால் 12 எம்.எம். 8.8 போல்ட்டுக்கு 80 நியூட்டன் மீட்டர், 10.9-க்கு 115 அளவு. ரெஞ்ச் இல்லையா? 40 சென்டிமீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் 20 கிலோ பாரம் கொடுத்தால் ஏறத்தாழ 80 வரும். ஒரு ஆள் கையால் நன்றாக அழுத்தினால் போதும், கைப்பிடியில் பைப் சொருகி ஏறி மிதிப்பது போல்ட்டை இழுத்துக் கெடுக்கும். முடுக்கியதும் நட்டையும் போல்ட்டையும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போடுங்கள். கோடு விலகினால் நட் தளர்ந்திருக்கிறது.

வெல்டிங் பற்றி. "போல்ட் எல்லாம் எதுக்குண்ணே, நாலு புள்ளி வெச்சா ஜென்மத்துக்கும் போகாது" என்று ஒரு பட்டறையில் என்னிடம் சொன்னார்கள். அதே பட்டறை வாசலில், முன்பு வெல்டிங் வைத்த இடத்தை ஒட்டி சேஸே கிழிந்த வண்டி ஒன்று வேலைக்கு நின்றுகொண்டிருந்தது. வெல்டிங்கின் ஓரத்தில் சூடுபட்ட பகுதி பலம் மாறிவிடும், விரிசல் அங்கிருந்துதான் ஓடும். பழைய கொக்கியின் ஸ்டீல் எந்த ரகம் என்று தெரியாமல் சாதாரண ராடு போட்டு ஒட்டுவதும் நிற்காது. கொக்கியைச் சேஸில் வெல்டிங் வைக்காதீர்கள்.

7. மொத்தம் எவ்வளவு ஆகும்

ஒரு கொக்கி 500, போல்ட், நட், வாஷர் எல்லாம் 300, லேத்தில் தகடு 400 முதல் 500, பெயிண்ட் 150, மெக்கானிக் கூலி 700 என்று வைத்தால் 2,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. இரண்டு கொக்கி என்றால் இரட்டிப்பாகாது, கூலி ஏறத்தாழ அதேதான். முடிந்தால் இரண்டு பக்கமும் போடுங்கள், இழுவை நேராக வரும்.

நேரக் கணக்கில் வேலை அரை நாள்தான். ஆனால் லேத்துக்காரர் "நாளைக்கு வாங்க" என்பார், பெயிண்ட் காய வேண்டும். அதனால் வண்டிக்குச் சவாரி இல்லாத இரண்டு மூன்று நாளாகப் பாருங்கள். எஃப்.சி. தேதி நெருங்கியிருந்தால் அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். 8 ஆண்டைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி., எப்படியும் பெயிண்ட், டிங்கர் வேலை இருக்கும். பம்பரை இறக்குகிற கூலியாவது மிஞ்சும்.

8. முதல் இழுவை

சங்கிலி வேண்டாம். ஸ்டீல் ரோப்பும் முடிந்தால் வேண்டாம். அறுந்தால் சாட்டை மாதிரித் திரும்பி வரும். தடித்த பாலியெஸ்டர் பட்டையும், தாங்கும் எடை குத்திய ஷாக்கிளும் (பட்டையைக் கொக்கியில் மாட்டும் இரும்பு வளையம்) நல்லது. பட்டையின் நடுவில் ஈரச் சாக்கோ, கனமான கோணியோ போட்டு வையுங்கள். பட்டையின் நீளத்துக்கும் அதிகமான தூரத்தில் ஆட்கள் விலகி நிற்க வேண்டும். வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளை முதலில் விரட்டுங்கள்.

இழுக்கும் முன் சக்கரத்தின் முன்னால் உள்ள மண்ணை வெட்டி எடுங்கள், சரக்கை இறக்குங்கள். மண்வெட்டி செய்கிற வேலையைக் கொக்கியின் மேல் சுமத்தாதீர்கள். பட்டை மெதுவாக விறைத்த பிறகு, முதல் கியரில், நேர்க்கோட்டில் இழுக்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் போல்ட்டோடு சட்டமும் முறுக்கும். பட்டையைத் தளரவிட்டு ஓடிவந்து இழுக்கிற டிராக்டர்காரரிடம் "அண்ணே, வெடுக்குன்னு இழுக்காதீங்க" என்று முன்பே சொல்லிவிடுங்கள். சொன்னாலும் சிலர் இழுப்பார்கள்.

பழுதான வண்டியை ரோட்டில் கட்டி இழுத்துப் போவதென்றால் இரண்டு வண்டிக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. பின்னால் வரும் வண்டியில் லைசென்ஸ் உள்ளவர் ஸ்டீயரிங் பிடிக்க வேண்டும். பின்புறம் 'ஆன் டோ' பலகை தொங்க வேண்டும். 20 கிலோமீட்டர் வேகமே தாராளம். இன்ஜின் ஓடாத வண்டியில் பிரேக் பூஸ்டர் வேலை செய்யாது, பெடல் கல்லாக இருக்கும் என்று ஓட்டுபவரிடம் சொல்லி உட்கார வையுங்கள்.

முதல் இழுவை முடிந்த அன்றே பெயிண்ட் கோடு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். விலகியிருந்தால் போல்ட்டை மறுபடி முடுக்காமல் புதிது போடுங்கள், நைலாக் நட்டையும் சேர்த்து. பிறகு ஒவ்வொரு சர்வீஸின்போதும் ஒரு பார்வை. பலமான இழுவை ஏதாவது நடந்திருந்தால் கொக்கியைக் கழட்டி அந்த மண்ணெண்ணெய், சாக்பீஸ் சோதனையை இன்னொரு முறை செய்துவிட்டு மாட்டுங்கள்.